முப்பதாவது பெயர்

1

“அப்ப நான் யாருங்க டீச்சர்?”

“இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் நீ பிலோமி, கண்ணு. பேரு கூப்பிட்டாக் கையைத் தூக்கு. அத்தனைதான்.”

“பிலோமி என்னையவிடச் செவப்புங்க.”

“வர்ற ஆபீசருக்கு அதெல்லாந் தெரியுமாக்கும்!”

இதை நானாகத்தான் எழுதினேன். பிலோமி என் அம்மா. தேவர்சோலையில் சமுதாயக் கல்லூரி திறக்க இருந்த அந்தக் காலையில் அவள் அங்கே இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனி வேனில் மலை இறங்கிக்கொண்டிருந்தாள். பிறகு அவள் காதுக்கு வந்தவை இரண்டே செய்திகள்: தன் பெயரைக் கூப்பிட்டார்கள், தனக்குப் பதிலாக, தன்னோடு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்த ராக்கம்மா எழுந்து நின்றாள். ஒரு கதைக்கு இது போதும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பனி கொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில், கல்லூரியின் வெண்கல மணி மூன்று முறை—’

(தேவர்சோலையில் அப்படிப் பனி கொட்டாது. மணியும் கிடையாது. மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளுகிறவனுக்கு இதுதான் சிக்கல். முதல் வரியிலேயே ருஷ்யாவுக்குப் போய்விடுகிறான்.)

திருத்தம்: தையல் கடைக்கு மேலே வாடகை ஹால். முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். பாடம், நர்சிங் உதவியாளர் படிப்பு, ஒரு வருடம். பட்டியல் முன்பே ஊட்டி ஆபீசுக்குப் போய்விட்டது. அதிலுள்ள முப்பது பேரும் ஆபீசர் வருகிற அன்று நேரில் இருந்தால்தான் அனுமதி. ஒருவர் குறைந்தாலும் மீதி இருபத்தொன்பது பேரும் மறுபடி கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான்.

3

சுலோச்சனா டீச்சரை முதல் வரைவில் கெட்டவராக்கியிருந்தேன். அது சோம்பேறித்தனம், அடித்துவிட்டேன். எஸ்டேட் பள்ளி வேலையை விட்டுவிட்டு, இந்தக் கல்லூரிக்காக இரண்டு வருடம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர் அவர். முப்பது பெயர்களையும் லயன் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்துக் கொடுத்தவள் ராக்கம்மா. ஆனால் அவள் பெயர் பட்டியலில் இல்லை.

எப்படி? எஸ்டேட்டில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் யாரும் தன் பெயரைத் தானே சொல்வதில்லை. மேஸ்திரி கூப்பிடுவார், கை தூக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் ராக்கம்மா எல்லார் பெயரையும் சொல்லிவிட்டு, தன் பெயரை டீச்சரே எழுதிக்கொள்வார் என்று நின்றாள். டீச்சர் முப்பது எண்ணிப் பேனாவை மூடினார்.

(இன்னொன்றும் உண்டு. பெரட்டில்கூட அவள் பெயரைக் கூப்பிடுவதில்லை. நிரந்தர வேலை, படுக்கையில் கிடக்கும் மாமியார் மூக்கம்மா பெயரில் இருந்தது. ‘மூக்கம்மா’ என்றால் ராக்கம்மா கை தூக்குவாள்.)

4

“சர்டிபிகேட் யாரு பேர்லங்க வரும்?”

“பிலோமி பேர்லதான் வரும். பொறவு மாத்திக்கலாம், கண்ணு.”

“மேஸ்திரியும் அப்படித்தாஞ் சொன்னாருங்க. ஒம்பது வருசமாச்சு.”

டீச்சர் இதற்கு என்ன சொன்னார்? ஆறு பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. கீழே ஜீப் வந்து நிற்கும் சத்தத்தை எழுதினேன், அது பொருந்தியது.

5

முடிவுகள்:

ராக்கம்மா கை தூக்குகிறாள். கல்லூரி திறக்கிறது. ஒரு நர்ஸ் காலமெல்லாம் என் அம்மா பெயரில் ஊசி போடுகிறாள்.

அல்லது அதிகாரி மனம் இளகி, மேசையைத் தட்டி— (வேண்டாம். கடைசிப் பக்கத்தில் நல்லவராகிற அதிகாரியை நான் நம்புவதில்லை.)

கூடலூர் பஸ் ஏறிப் போய் அந்த ஹாலில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாம். போக மாட்டேன். எனக்கு வேண்டியது அந்த ஒரு நிமிடம்தான். அது என்னிடம் இருக்கிறது; அதற்கு மேல் உங்களுடையது.

அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். இருபத்தொன்பது கைகள் உயர்ந்து இறங்கிவிட்டன.

“பிலோமி,” என்கிறார் டீச்சர்.

ராக்கம்மா எழுந்து நிற்கிறாள். இரண்டு கைகளும் கீழேயே இருக்கின்றன.

“பிலோமி,” மறுபடியும், கொஞ்சம் மெதுவாக.

“டீச்சர்,” என்கிறாள் ராக்கம்மா, “என் பேரைக் கூப்பிடுங்க.”