இடது கதவின் ஸ்பீக்கர்

அருள்மணியின் காருக்குப் பதின்மூன்று வயது. என்ஜின் இன்னும் முனகாமல் ஓடியது. அவரை நிலைகொள்ளாமல் செய்தது இடது முன்கதவில் இருந்த ஸ்பீக்கர். வாங்கியபோது வண்டியோடு வந்ததுதான். ஆனால் இரண்டு மாதமாகப் பாட்டு முழுக்க வலது கதவிலிருந்தே வருவதுபோல இருந்தது. இடது பக்கத்தை யாரோ போர்வை போட்டு மூடிவிட்டார்கள்.

காலை ஏழு மணிக்கு டெல்லி ஜனக்புரியில் கிளம்பி, மனைவி உஷாராணியைப் புசா ரோட்டில் அவள் பாடம் எடுக்கும் தமிழ்ப் பள்ளியில் இறக்கிவிட்டு, லோதி ரோட்டில் தன் அலுவலகத்துக்குப் போவார். அந்த முக்கால் மணி நேரமும் அவருடைய இடது கை கியரில் இருந்ததைவிட பாட்டு செட்டின் பொத்தான்களில்தான் அதிகம் இருந்தது.

“இடது பக்கம் கம்மியா இருக்கு பாரு.”

“எனக்குக் காதே அடைக்குது. கொறைங்க.”

“என்ன?”

“கொறைங்கன்னேன்!”

“நீ அதுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்க. அதான் ஒனக்குத் தெரியல.”

அலுவலகத்திலும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஃபைல்களுக்கு நடுவே கைப்பேசியில் பழைய கார்களுக்கான ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை கரோல்பாகில் கார் சாமான்கள் விற்கும் சந்துக்குப் போனார். அங்கே ரவிக்குமாரின் கடை. நாற்பது வயதுக்காரர். பெற்றோர் விழுப்புரம் பக்கத்திலிருந்து கட்டிட வேலைக்கு வந்தவர்கள். அவர் திரிலோக்புரியில் பிறந்து வளர்ந்தவர்.

“பழைய ஸ்பீக்கர்ல உள்ள காகிதம் எல்லாம் போயிருக்கும் சார். ரெண்டு பக்கமும் மாத்திடலாம், டீக் ஹை?” என்றார் ரவிக்குமார்.

மாற்றினார்கள். சத்தம் தெளிவாக இருந்தது, வலது பக்கம் மட்டும். அடுத்த சனிக்கிழமை கதவைப் பிரித்து, தகரம் அதிராமலிருக்க உள்ளே கறுப்பு ஷீட் ஒட்டினார்கள். வயரையும் புதிதாக இழுத்தார்கள். திரும்பி வரும்போது ஷாதிப்பூர் மேம்பாலத்தில் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார் அருள்மணி. பக்கத்து ஸ்கூட்டர்காரன் திரும்பிப் பார்த்தான். இடது பக்கம் அப்படியேதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை வீட்டுக்கு வந்தபோது பரண் மேலிருந்த பெரிய பெட்டி கட்டிலில் திறந்து கிடந்தது. உஷாராணி சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“எங்க கெளம்புத?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நாளைக்கு ட்ரெய்ன். கோமளாக்கு ஆபரேசன்னு சொன்னேம்லா. பதினஞ்சு நாள் லீவு போட்டாச்சு.”

கோமளா தென்காசியில் இருக்கும் அவள் தங்கை.

“நீ சொல்லவே இல்லயே.”

“போன வாரம் பூரா கார்ல அதத்தான் பேசிக்கிட்டு வந்தேன். ‘டிக்கெட் போடவா’ன்னு கேட்டேன். ‘ம், ம்’னு தலைய ஆட்டுனீங்க.”

“சத்தியமா நீ சொல்லல உஷா.”

“நான் சொல்லலையா?” கையிலிருந்த சேலையைப் பெட்டிக்குள் எறிந்தாள். “ரெண்டு மாசமா அந்தக் கதவுகூடத்தான் குடும்பம் நடத்துதீங்க. நான் பேசுதது எதுதான் உங்க காதுல ஏறுது?”

அவருக்கும் கோபம் வந்தது. சொல்லாததைச் சொன்னதாகச் சாதிக்கிறாளே என்று நினைத்தார். மறுநாள் ஸ்டேஷனில் இருவரும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

வீடு காலியானதும் அவருடைய தவிப்பு அதிகமாயிற்று. சனிக்கிழமை வரை பொறுக்கவில்லை. வியாழனன்று அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ரவிக்குமாரின் கடை முன் வண்டியை நிறுத்தினார்.

“நீங்க ஒட்டுனது, மாத்துனது எதுவும் சரியில்ல.”

ரவிக்குமார் வண்டியில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கைப்பேசியை ஒவ்வொரு ஸ்பீக்கரின் முன்னும் பிடித்து, அதில் ஓடிய எண்களைக் காட்டினார்.

“ரெண்டும் பராபர் சார். கொஞ்சம்கூட வித்தியாசம் இல்ல.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“பொய்னு சொல்லல சார். ஒண்ணு பண்ணுங்க. சீட்டுல மண்டி போட்டு, பின்னாடி கண்ணாடியப் பாத்து உக்காருங்க.”

“எதுக்கு?”

“சும்மா பாருங்க சார்.”

ஐம்பத்திரண்டு வயது அதிகாரி, சந்தில் போகிறவர்கள் பார்க்க, ஓட்டுநர் இருக்கையில் பின்பக்கம் திரும்பி மண்டியிட்டார். ரவிக்குமார் முன்பக்க ஸ்பீக்கர்களை மட்டும் ஒலிக்கவிட்டார்.

“இப்ப எந்தக் கதவு கம்மி?”

அருள்மணி கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் பார்த்தார். அது வலது கதவு. இத்தனை நாளும் முழுப் பாட்டையும் பாடிக்கொண்டிருந்த கதவு.

ரவிக்குமார் பாட்டை நிறுத்தினார். “ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு சார்,” என்றார் மெதுவாக.

அருள்மணி இடது காதைத் தேய்த்தார். பிறகு வலது காதை உள்ளங்கையால் அழுத்தி மூடினார். ஹாரன்கள், பேரம் பேசும் குரல்கள், கடைக்காரர்களின் கூப்பாடு எல்லாம் எங்கோ தொலைவுக்குப் போய்விட்டன. ரவிக்குமாரின் வாய் அசைந்தது. கையை எடுத்தார். சந்து மொத்தமும் திரும்பி வந்தது.

காரில் அவருக்கு இடப்பக்கத்தில்தான் உஷாராணி உட்காருவாள்.

அங்கிருந்தே அவளை அழைத்தார். கைப்பேசியை வழக்கம்போல வலது காதில் வைத்திருந்தார். அவள் குரல் சுத்தமாகக் கேட்டது. அதிலிருந்த கோபமும் கேட்டது.

“சொல்லுங்க.”

“உஷா, எனக்கு இடது காது கேக்கல.”

“என்னது?”

“ஸ்பீக்கர்ல ஒண்ணுமில்ல. காதுதான். நீ சொன்னதெல்லாம்... நெசமாவே எனக்கு விழல.”

மறுமுனையில் ஓடும் ரயிலின் இரைச்சல் கூடியது; அவள் எழுந்து கதவுப் பக்கம் வந்திருந்தாள்.

“நான் வேணும்னே பண்ணுதீங்கன்னு நெனச்சேன்,” என்றாள். “எத்தன நாளு பாதியிலயே பேச்ச விட்டுட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டு வந்தேன் தெரியுமா? டாக்டர்ட்ட போனீங்களா?”

“இல்ல.”

“இன்னும் கார்க் கடையிலயா நிக்கீங்க? போங்க மொதல்ல!”

காது டாக்டர் கடிந்துகொண்டார். ஒரு காது திடீரென்று மந்தமானால் சில நாட்களுக்குள் வரவேண்டும், இரண்டு மாதம் ஸ்பீக்கரை மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து ஸ்கேனுக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை ஆறு நாட்கள் அருள்மணி வீட்டுக்குள் சுவருக்குச் சுவர் நடந்தார். நரம்பில் கட்டி எதுவும் இல்லை. ஆனால் போன கேட்கும் திறன் முழுதாகத் திரும்பாது, கருவி வைத்துக்கொண்டால் ஓரளவு உதவும் என்றார் டாக்டர்.

தங்கைக்கு நல்லபடியாக ஆபரேஷன் முடிந்து ஊரிலிருந்து திரும்பிய உஷாராணி, ஸ்டேஷனிலிருந்து வரும் வழியெல்லாம் பேசாமலிருந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் காரைச் சுற்றி நடந்து அவருடைய வலது பக்கம் வந்து நின்றாள்.

“நான் ஓட்டப் படிக்கப்போறேன்.”

“இந்த ட்ராஃபிக்லயா?”

“நான் ஓட்டுனா நீங்க அந்தப் பக்கம் உக்காருவீங்க. உங்க நல்ல காது என் பக்கம் இருக்கும்.”



ஒன்றரை மாதம் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். உரிமம் கைக்கு வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமைக் காலை சாணக்யபுரியின் அகலமான, வெறிச்சோடிய சாலைகளுக்கு வண்டியைக் கொண்டுபோனார்கள். செட்டை அவர் தொடவேயில்லை. அவள் முப்பதைத் தாண்டாமல் ஓட்டினாள். பேச்சில் மட்டும் வேகம் குறையவில்லை. கோமளாவின் மாமியார், பள்ளியில் புதிதாக வந்த தலைமை ஆசிரியை, இரண்டு மாதத்தில் அவர் தவறவிட்டதெல்லாம் வந்துகொண்டிருந்தது. அவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஆனாலும் சாய்ந்து உட்கார முடியவில்லை.

“எதுக்குக் கால அப்பிடி மிதிக்கீங்க? அங்க பிரேக் கெடையாது.”

“ரவுண்டானா வருது, மெதுவா.”

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்க நான் சொல்லுததக் கேளுங்க.”

“கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்,” என்றார் அருள்மணி, வலது காலால் மறுபடி தரையை அழுத்தியபடி.