பெனால்டி நேரத்து ஜெனரேட்டர்

வீடியோ கொட்டகைக்குள் கும்பா நுழைந்தபோது திரையில் கால்பந்து இறுதியாட்டம் பெனால்டிக்குப் போயிருந்தது. உள்ளே மூச்சு விட இடமில்லை. அறுவை உடுப்போடும் பச்சைத் தொப்பியோடும் மழையில் தொப்பலாக நனைந்து வந்து நின்றவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பா லெபி! ஜெனரேட்டரைக் குடுங்க!"

கொட்டகைக்காரர் லெபி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் நாலஞ்சு உதைதான் மவளே. அப்புறம் தாராளமா தூக்கிட்டுப் போ."

"ஃபிண்டா ஆப்பரேஷன் மேசையில கிடக்குறா. வயித்துல புள்ள குறுக்கால கிடக்கு. மழையில சோலார் பேட்டரி செத்துப் போச்சு. நீங்க உதைய எண்ணி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு உசுரு போயிடும்!"

கோனோ மாவட்டத்தின் இந்த மூலையில் பிள்ளை குறுக்கே கிடந்தால் போன வருடம் வரை ஒரே வழிதான். பெண்ணை மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவே உட்காரவைத்து, தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விரட்டுவார்கள். மழைக்காலத்தில் அப்படிப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அது பொறுக்காமல்தான் கும்பா தலைநகருக்குப் போய்க் கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்தாள். அவள் டாக்டர் இல்லை, அறுவைப் பயிற்சி பெற்ற சுகாதார அதிகாரி. புதிதாய்த் திறந்த அறுவை அறையில் அவள் தனியாகச் செய்யப்போகும் முதல் அறுவை இது. கெட்டுப்போனால் ஃபிண்டா போய்விடுவாள். இனி எந்தப் பெண்ணும் அந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் மாட்டாள்.

வாசலில் வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு எழுந்தாள். "யோவ் லெபி, உங்கம்மா பந்தாட்டம் பாத்துக்கிட்டா உன்னைப் பெத்தா?"

கொட்டகையே சிரித்தது. லெபிக்கு முகம் செத்துவிட்டது. பந்து காலை விட்டுக் கிளம்பிய அதே நொடியில் அவரே போய் விசையை அணைத்தார். "ஐயோ!" என்று ஊரே ஒரு தரம் கத்தியது. அடுத்த நிமிடம் ஆளுக்கு ஒரு பக்கம் ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓடினார்கள். லெபி குடையை அதற்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி பின்னாலேயே ஓடினார்.

"பாத்துடா! என் பொண்டாட்டிகிட்ட பேசினத விட இதுகிட்ட பேசினதுதான் அதிகம்!"

அந்தக் கிழட்டு இயந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. பெட்ரோல் குழாயின் திருகைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் நின்றுவிடும். லெபி அறுவை அறை ஜன்னலுக்குக் கீழே குந்தி விரலை வைத்தார். அது இருமியது, முக்கியது, ஓடத் தொடங்கியது. உள்ளே விளக்கு பளிச்சென்று எரிந்தது.

வெளியே கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. கோனோவில் பெயர் தேட வேண்டிய வேலையே இல்லை, பிறந்த வரிசைதான் பெயர். ஃபிண்டாவுக்கு ஏற்கெனவே ஒரு பெண், ஒரு பையன். இது பையனென்றால் இரண்டாம் பையன், தம்பா. பெண்ணென்றால் இரண்டாம் பெண், அறுவை செய்பவளைப் போலவே கும்பா.

"தம்பா! தம்பா!"

"போடா, கும்பாதான்!"

ஊசியில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், விழித்தபடி கிடந்த ஃபிண்டா கேட்டாள். "வெளிய என்னக்கா சத்தம்?"

"உன் ஆட்டத்தைப் பாக்க ஊரே வந்திருக்கு. பேசாம கிட."

கும்பா வயிற்றைக் கீறித் திறந்தாள். பிள்ளையின் காலைத் தேடிப் பிடித்து வெளியே எடுத்தாள். பிள்ளை நீலம் பாரித்திருந்தது. செவிலி முதுகைத் தேய்த்தாள், இன்னும் தேய்த்தாள். பிறகு அது வீறிட்டது.

"பொண்ணு!" என்று செவிலி கத்தினாள்.

"கும்பா!" என்று வெளியே வானம் பிளந்தது. லெபியும் துள்ளி எழுந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

விளக்கு அணைந்தது. ரத்தம் உறிஞ்சும் கருவியும் நின்றது.

"என்னக்கா, இருட்டாயிடுச்சு?"

திறந்த வயிற்றுக்குள் கும்பாவின் கையில் சூடாக ரத்தம் நிறைகிறது, எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. கிழிந்த இடத்தைக் குத்துமதிப்பாக அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "பா லெபி! புள்ளதான் வந்திருக்கு! தாய் இன்னும் இங்கதான் கிடக்குறா!"

வெளியே ஜெனரேட்டரின் கயிற்றை யாரோ இழுப்பது மட்டும் கேட்டது. மறுபடியும் இழுத்தார்கள். மறுபடியும். இயந்திரம் முக்கிக்கொண்டு உயிர் பெற்றது. வெளிச்சம் வந்ததும் கும்பாவுக்கு ரத்தம் வரும் இடம் தெரிந்தது. அங்கே ஊசியை இறக்கினாள்.

தையல் முடித்து அவள் வெளியே வந்தபோது ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. மழையில் அப்படியே நின்றார்கள். ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. தம்பா கட்சியும் கும்பா கட்சியும் அவள் வாயையே பார்த்தன.

"ஃபிண்டா பேசுறா. சோறு எப்ப போடுவீங்கன்னு கேக்குறா."

அப்போது எழுந்த கூச்சலுக்கு முன்னால் பிள்ளைக்குப் போட்ட கூச்சல் ஒன்றுமே இல்லை. வாழைக்காய்க்காரி கரண்டியோடு ஆடினாள். சிரித்துக்கொண்டே நின்ற கும்பாவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

ஜன்னலுக்குக் கீழே குந்தியிருந்த லெபி மட்டும் எழவில்லை. திருகை அழுத்தியிருந்த விரல் கருநீலமாகியிருந்தது.

"முடிஞ்சிடுச்சு பா. விரலை எடுங்க," என்றாள் கும்பா.

"மாட்டேன்," என்றார் லெபி. "அவ எழுந்து நடக்கட்டும், அப்புறம் பாக்கலாம்."