கறிக்குழம்புப் பையில் இருந்த கத்தி குறித்த விளக்கம்

1

என் கதைகளை யாரும் கேட்டு வாங்கியதில்லை. இரண்டு தொகுப்புகள் வெளிவந்திருக்கின்றன. இரண்டும் பெரும்பாலும் என் வீட்டுப் பரணில்தான் இருக்கின்றன. இந்தக் கதையை மட்டும் ஒரு போலீஸ் ஸ்டேஷன் கேட்டிருக்கிறது. இன்று காலை பத்து மணிக்குள் வேண்டுமாம், ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாதாம். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என்னிடம் இவ்வளவு ஆர்வம் காட்டியதில்லை.

(எந்த ஸ்டேஷன் என்று சொல்லமாட்டேன். நல்லம்பள்ளிக்கும் அதியமான்கோட்டைக்கும் நடுவே எங்கோ நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.)

விஷயம் இதுதான். என் பக்கத்து வீட்டுக் கோகிலவாணி இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாள். எழுத்துத் தேர்வு, ஓட்டம், நீளம் தாண்டுதல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்துவிட்டன. மிச்சம் இருப்பது நன்னடத்தை விசாரணை. அதற்குக் குறுக்கே ஒரு கடிதம் நிற்கிறது. பொது இடத்தில் கத்தி வைத்திருந்தேன் என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம். அதை எழுதியவன் நான்.

2

முதல் தொடக்கம்: "வெயிலில் அந்தக் கத்தி மின்னியது."

மின்னவில்லை. அதன் மேல் பிளாஸ்டிக் குழாய் ஒட்டும் பசை காய்ந்து கிடந்தது.

இரண்டாம் தொடக்கம்: "அதியமான் வேலேந்தி நின்ற இந்த மண்ணில்..." எங்கள் ஊர்க்காரன் எதை எழுதினாலும் அதியமானை ஒரு வரியாவது இழுத்துவிட வேண்டும். இழுத்துப் பார்த்தேன். அவர் வரவில்லை. சரி, விட்டுவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: "கோகிலவாணியின் கண்களில் ஒரு..." ஒரு என்ன? அவள் கண்களில் அன்று எரிச்சல்தான் இருந்தது. பையில் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

ஆகவே கண், மண், மின்னல் எதுவும் இல்லாமல் சமையலறையிலிருந்து தொடங்குகிறேன்.

3

(நான் அங்கே இல்லை. ராணியம்மாள் சொன்னது. ராணியம்மாள் என்பவர் கோகிலவாணியின் அம்மா.)

ஞாயிற்றுக்கிழமை. ஆட்டுக்கறி எடுத்திருந்தார்கள். மூத்த மகள் பானுமதி அதியமான்கோட்டையில் ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுக்குக் குழம்பு போக வேண்டும். கறியை வீட்டுக்கு வெளியே கொண்டுபோனால் பேய் கூடவே வரும் என்பது இங்கே பிளஸ் டூ படித்தவர்களுக்கும் தெரியும். அதற்கு ஒரு துண்டு அடுப்புக்கரியும் ஒரு இரும்பும் பையில் போட வேண்டும். கர்ப்பிணிக்குப் போகும் கறி என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த வீட்டில் இதற்கென்றே ஒரு பழைய ஆணி உண்டு. போன தடவை குழம்போடு போன ஆணி, பானுமதி வீட்டிலேயே தங்கிவிட்டது. அதற்கு முந்தைய ஆணியும் அங்கேதான் இருக்கிறது. மகள் வீட்டுக்குப் போன எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. எனவே ராணியம்மாள் மகன் குருவின் டூல்ஸ் பையைத் துழாவி ஒரு மல்டி டூலை எடுத்தார்.

குரு சொட்டுநீர்க் குழாய் போடுகிறவன். அது டீலர் மீட்டிங்கில் கொடுத்த பரிசு. மடக்கினால் உள்ளங்கையில் அடங்கும். விரித்தால் குறடு, திருப்புளி, பாட்டில் திறப்பான், சின்ன ரம்பம், ஒரு கத்தி.

"ஏன்டா, இது இரும்பா எவர்சில்வரா?"

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்மா."

"அப்ப பேய் ஒத்துக்குமா?"

குரு பைக்கை எடுத்துக்கொண்டு பாலக்கோட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். ராணியம்மாள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கினார். தீர்த்தமலைக் கடையில் வாங்கிய, சாமி படம் போட்ட காந்தம். மல்டி டூல் அதில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. சாமியே சான்றிதழ் கொடுத்த பிறகு பேய் என்ன சொல்ல முடியும்? தூக்குக்குப் பக்கத்தில் மல்டி டூல், அதன் மேல் அடுப்புக்கரி. பை தயார். கோகிலவாணி அதை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.

4

அந்த வாரம் நெடுஞ்சாலையில் இரண்டு செயின் பறிப்பு நடந்திருந்தது. சர்வீஸ் ரோட்டில் சோதனை. ஸ்கூட்டியை ஓரம் கட்டச் சொன்ன எஸ்.ஐ. மாதேஸ்வரன் பையைத் திறந்தார். கரி கையில் ஒட்டியது. அப்போதே அவருக்கு மனசு சரியில்லை என்று நினைக்கிறேன்.

"என்னாம்மா இது?"

"என் தம்பியோட டூலுங்க சார்."

அவர் ஒவ்வொன்றாக விரித்தார். குறடு, திருப்புளி, பாட்டில் திறப்பான் வரும்வரை முகத்தில் ஒன்றும் இல்லை. கத்தி வந்ததும் நிமிர்ந்து நின்றார்.

"கொழம்பு எடுத்துகினு போற பைல கத்தி எதுக்கு?"

"அது வந்துங்க சார்... அம்மா வெச்சாங்க..."

"அம்மா எதுக்கு வெச்சாங்க?"

இந்த இடத்தில்தான் அவள் எனக்குப் போன் செய்தாள். தம்பி தூரத்தில் இருந்தான். நான் அருகில் இருந்தேன். தவிர, நான் பள்ளிக்கூடத்தில் கிளார்க், பேசத் தெரிந்தவன், எழுத்தாளன் வேறு. இதைவிட என்ன தகுதி வேண்டும்?

நான் போய்ச் சேர்ந்தபோது எஸ்.ஐ. இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். இளநீர்க்கடை இன்னாசி அடுத்த காயைச் சீவிக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்த அரிவாள் முழ நீளம் இருக்கும். ஒரே வெட்டில் காயின் தலை தனியாகப் போனது. எஸ்.ஐ. ஸ்ட்ராவை உறிஞ்சியபடி, மறு கையில் இருந்த மல்டி டூலை எனக்குக் காட்டினார்.

"இந்த மாதிரி பயங்கரமான ஐட்டத்தை எல்லாம் ரோட்டுல எடுத்துகினு வரலாமா சார்?"

இன்னாசியும் அரிவாளைத் தாழ்த்திப்பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அடேங்கப்பா" என்றார்.

5

இது கட்டுரைப் பகுதி. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். அன்று நான் இதைத் தாண்டிப் போனதால்தான் இந்த வினை.

பிறகு தேடிப் படித்தேன். ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது, விதிகள் 2016-ல். கத்தி விஷயத்தில் அந்த விதிகளின் பட்டியல் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவற்றைத்தான் கணக்கில் எடுக்கிறது. வீட்டுக்கும் வயலுக்கும் தொழிலுக்கும் என்றே செய்தவற்றை ஒதுக்கிவிடுகிறது. எஸ்.ஐ. அன்றே திருப்பிக் கொடுத்த குருவின் கத்தியைப் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்தேன். இரண்டே முக்கால் அங்குலம். அகலம் அரை அங்குலத்தைத் தொடவில்லை.

அப்படியானால் கவலையே இல்லையா? உண்டு. எங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் டீக்கடையில் கேட்டேன். "சின்னக் கத்தின்னா அளவு பெருசில்லைங்க. எதுக்கு வெச்சிருந்தேன்னு நீங்க சொல்றதுதான் பெருசு. வெங்காயம் நறுக்கன்னா அது காய்கறிக் கத்தி. ஆளைக் குத்தன்னா அதே கத்தி ஆயுதம்" என்றார்.*

* நான் வக்கீல் அல்ல. இதை நம்பிக் கத்தியோடு திரிந்து மாட்டிக்கொண்டால் என்னிடம் கடிதம் எழுதச் சொல்லி வராதீர்கள். வந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த பகுதியில்.

6

எஸ்.ஐ. கெட்டவர் அல்ல. (கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டும் என்பதால் முதல் பிரதியில் அவருக்குப் பெரிய மீசை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். கெட்டவர் யார் என்பது கொஞ்சம் பொறுத்தால் தெரியும்.) கேஸ் எல்லாம் வேண்டாம், என்ன ஏது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். ஜீப் பானெட் மேல் வெள்ளைத் தாள் வைத்தார்கள். நான் பேனாவை எடுத்தேன்.

கோகிலவாணி மெதுவாகச் சொன்னாள்: "கறி எடுத்துகினு போறப்ப பேய் அண்டக் கூடாதுன்னு அம்மா வெச்சாங்கன்னு எழுதிடுங்க சார்."

நான் சிரித்தேன். "போலீஸ்ல போயி பேய்னு எழுதுவாங்களாம்மா? நீயே நாளைக்குப் போலீஸ் ஆகப் போறவ. மானம் போயிடும்."

யார் மானம்? என் கையெழுத்தில், என் வாக்கியத்தில் பேய் வருவதை நான் விரும்பவில்லை. பகுத்தறிவு பற்றி இரண்டு கட்டுரை எழுதியவன். ஆகவே இப்படி எழுதினேன்:

"நான் தனியாகச் செல்லும் பெண் என்பதாலும், சமீபத்தில் இச்சாலையில் குற்றச் சம்பவங்கள் நடந்திருப்பதாலும், அசம்பாவிதம் நேரின் எதிர்கொள்ளும் பொருட்டு, தற்காப்புக்காக மேற்படி கத்தியை உடன் வைத்திருந்தேன்."

பாருங்கள், எவ்வளவு அழகான வாக்கியம். சமூக அக்கறை இருக்கிறது, பெண்ணுரிமை இருக்கிறது. "நேரின்" இருக்கிறது. கோகிலவாணி படித்துவிட்டு, "தற்காப்புன்னு எதுக்குங்க சார்? நான் யாரையும் குத்தப் போவலையே" என்றாள். நான் "கையெழுத்துப் போடும்மா, குழம்பு ஆறுது" என்றேன். போட்டாள்.

எஸ்.ஐ. படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றார். என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த ஒரே விமர்சனம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதை நினைத்து மகிழ்ந்தேன். இப்போது அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

7

நேற்று விசாரணைக்கு வந்தவர் முருகேஷ் என்ற ஏட்டு. அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும் என்று என் வீட்டில் உட்கார்ந்தார். காபி குடித்தார்.

"பொண்ணு நல்ல பொண்ணுதாங்க. கேஸும் கெடையாது. ஆனா லெட்டர் ஃபைல்ல கெடக்குது. எதுக்கும் தயாராக் கத்தி வெச்சிருந்தேன்னு எழுதியிருக்குது. அத மறைச்சிட்டு நான் எப்படிங்க ரிப்போர்ட் போடறது?"

நான் உண்மையைச் சொன்னேன். ஆணி, காந்தம், பேய், எல்லாம். அவர் காபி டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"அட, இத அன்னிக்கே எழுதியிருக்கலாமேங்க. எனக்கு நைட் டூட்டிக்குக் கறி குடுத்துவுட்டா, எங்க வூட்டுல ஆணி போட்டுத்தான் குடுப்பாங்க. எஸ்.ஐ. ஐயா வூட்டுலயும் அப்படித்தான். அவரே சிரிச்சிட்டு அனுப்பியிருப்பாரு."

அந்த ஜீப்பைச் சுற்றி நின்றவர்களில் பேய் என்ற சொல்லுக்குக் கூச்சப்பட்டவன் நான் ஒருவன்தான்.

"இப்ப மாத்தி எழுதிக் குடுத்தா?"

"அதுலதாங்க சிக்கல். இது உண்மைன்னா அது பொய்யி. பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டவங்களப் போலீஸ்ல சேக்கலாமான்னு மேல கேப்பாங்க. எழுதினவரு நீங்கதானே. நீங்களே ஒரு விளக்கம் எழுதிக் குடுங்க. நாளைக்கு காலைல பத்து மணிக்குள்ள ரிப்போர்ட் போவணும்."

8

கோகிலவாணிக்கு இருபத்தெட்டு. அடுத்த அறிவிப்பு வரும்போது வயது வரம்பைத் தாண்டியிருப்பாள். போன முறை நீளம் தாண்டுதலில் நான்கு விரல்கடையில் விட்டது. அதற்கப்புறம் இரண்டு வருடம் விடியற்காலையில் சர்வீஸ் ரோட்டில் ஓடினாள். நான் பால் வாங்கப் போகும்போது அவள் வியர்வையோடு திரும்பி வருவாள். "என்ன சார், இன்னும் கத எழுதறீங்களா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியில் கிண்டல் இருப்பதாக அப்போது நினைக்கவில்லை.

நேற்று சாயந்திரம் வந்தாள். அவளிடம் முடிவுகளை விரித்துக் காட்டினேன், சேலைக் கடைக்காரர் மாதிரி.

முடிவு அ: தற்காப்பு என்பதிலேயே நிற்பது. இனி வைத்திருக்கமாட்டாள் என்று ஒரு வரி சேர்ப்பது. அவள் ஆயுதம் வைத்திருந்தவள் ஆகிறாள்.

முடிவு ஆ: பேயை எழுதுவது. அவள் பொய்க் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவள் ஆகிறாள்.

முடிவு இ: டூல்ஸ் பையிலிருந்து குழம்புப் பைக்குள் தவறி விழுந்தது, அன்று பதற்றத்தில் ஏதோ எழுதிவிட்டோம் என்பது. இது பிரமாதமான முடிவு. யாருக்கும் சேதம் இல்லை. குருவைப் பேச வைத்துவிட்டால் போதும்.

"இதுவும் பொய்தானேங்க?" என்றாள்.

"ஆமாம். ஆனா நம்பும்படியா இருக்கும்."

"மொதல்ல எழுதினதும் நம்பும்படியாத்தான் சார் இருந்துது."

எழுதியவன் நான், மாட்டிக்கொண்டவள் அவள். இதைச் சொல்லாமல் எத்தனை அடிக்குறிப்பு போட்டாலும் பயனில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்:

"என்ன எழுதுவீங்களோ எழுதுங்க சார். ஒண்ணு மட்டும். இந்தத் தடவ நல்லா எழுதாதீங்க."

9

மணி எட்டே முக்கால். இந்தக் கதை ஒரு பக்கத்தை எப்போதோ தாண்டிவிட்டது, ஸ்டேஷன் இதை ஏற்காது. பேனாவை எடுத்தால் "நேரின்" வருகிறது, "பொருட்டு" வருகிறது. எனக்கு என் மேல் நம்பிக்கை இல்லை. தாளில் இதுவரைதான் எழுதியிருக்கிறேன்:

அனுப்புநர்: நவநீதன், பள்ளி கிளார்க்.
பெறுநர்: சார்பு ஆய்வாளர் அவர்கள்.

ஐயா,

கோகிலவாணி கையெழுத்துப் போட்ட கடிதத்தை எழுதியவன் நான். அவள் சொன்னதை நான் எழுதவில்லை. அன்று அவள் பையில் அந்தக் கத்தி இருந்ததற்குக் காரணம்

.................................................

ராணியம்மாளை உங்களுக்குத் தெரியும். காந்தத்தைத் தெரியும். முருகேஷ் சொன்னதும் தெரியும், கோகிலவாணியின் வயதும் தெரியும். கோட்டில் ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது. நீங்களே நிரப்பிவிடுங்கள், பத்து மணிக்குள் நான் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

நன்றாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.