பெரியப்பாவைத் தாண்டாத பெண்

பெரியப்பா தராசு இன்ஸ்பெக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அவர் தெருவில் இறங்கினால் கடைக்காரர்கள் இன்றைக்கும் தராசுத் தட்டை ஒருமுறை தொட்டுச் சரிபார்த்துக்கொள்வார்கள். எந்தக் கடையிலும் ஒரு காப்பிக்குக் கை நீட்டாமல், எடைக்கல் குறைந்தால் சொந்தக்காரன் கடையென்றும் பார்க்காமல் அள்ளிக்கொண்டு வந்த மனிதர். முதுகு அளவுகோல் போல நிமிர்ந்திருக்கும். நடப்பது தெருவின் நட்டநடுவில். ஒருமுறை சந்துக்குள் எதிரே வந்த லாரி ஒலியெழுப்பி ஓய்ந்துபோய், கடைசியில் அதுவே பின்னால் போனது.

"மோதியிருந்தா என்னங்க ஆகியிருக்கும்?" என்று மனைவி கேட்டாள்.

"லாரி நசுங்கியிருக்கும்" என்றார்.

தம்பி குடும்பமும் அதே வீட்டில்தான். தம்பி மகளைச் சிட்டு என்று கூப்பிடுவார்கள். ஆறாம் வகுப்பு. கால் தரையில் பாவாத பெண். சமையலறையில் அப்பளம் பொரிகிற சத்தம் அடங்குமுன் மாடியிலிருந்து வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்ப மாடிக்குப் போயிருப்பாள். அவளுக்கு அவர் பெரியப்பா என்பதால் வீட்டில் எல்லோருக்குமே பெரியப்பாதான். அவருடைய மனைவிகூடக் கோபம் வந்தால் "உங்க பெரியப்பாவைக் கேளு" என்றுதான் சொல்வாள்.

அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. பெரியவர்கள் முன்னே போகும்போது சின்னவர்கள் அவர்களைத் தாண்டிப் போகக் கூடாது. மாடிப்படியோ, கடைவீதியோ, மழை கொட்டுகிற முற்றமோ, பின்னால்தான் வர வேண்டும். ஒருமுறை விருந்தாளி ஒருவர், "நான் மெதுவாத்தான் நடப்பேன், நீங்க முன்னாடி போங்க" என்றதைக் கேட்டுப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். அன்றைக்குச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது.

"பெரியவங்க மரியாதைக்காக அப்படித்தான் சொல்லுவாங்க. அதைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடறதா? நாளைக்கு நானே 'போ'ன்னு சொன்னாலும் போகக் கூடாது. புரிஞ்சுதா?"

சிட்டுவுக்கு நன்றாகவே புரிந்தது.

இப்படி இருக்கையில்தான் பள்ளிக்கூடத்தில் உடல்தகுதித் தேர்வு வைத்தார்கள். உயரம், எடை பார்த்தார்கள். காலை நீட்டி உட்கார்ந்து கால் விரலைத் தொடச் சொன்னார்கள். தொங்கச் சொன்னார்கள், தாண்டச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் சிட்டு முதல். கடைசியில் மைதானத்தை நான்கு சுற்று ஓட வேண்டும். அதில் மட்டும் வகுப்பிலேயே கடைசி. நேரம் முடிந்து விசில் அடித்தபோது அவள் இரண்டாவது சுற்றில் இருந்தாள்.

தேறாதவர்கள் தினமும் காலையில் பள்ளிக்கூட வேலியோரம் நின்று கை கால் ஆட்ட வேண்டும், வருடம் முழுக்க. அந்த வேலிக்கு வெளியேதான் பேருந்து நிறுத்தம். அதோடு, சிட்டு ஆசைப்பட்ட தொடர் ஓட்ட அணிக்கும் ஓட்டத்தில் தேறியவர்களைத்தான் எடுப்பார்கள்.

வீட்டில் இடி விழுந்தது. "நம்ம வீட்டுப் பொண்ணு மெதுவாமா?" பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். "எங்க தாத்தா ஓட ஆரம்பிச்சா குதிரைவண்டிக்காரன் வண்டியை ஓரம் கட்டுவான்!"

"கடன்காரன் துரத்தியிருப்பான்" என்றாள் பெரியம்மா, வெங்காயத்திலிருந்து தலை தூக்காமல்.

"ஏம்மா, உண்மையைச் சொல்லு. ஏன் அவ்வளவு மெதுவா ஓடினே?"

சிட்டு யோசித்தாள். "பி.டி. சார் அவ்வளவு வேகமாத்தான் ஓடினாரு, பெரியப்பா."

"நான் உன்னைப் பத்திக் கேக்கறேன், நீ சாரைப் பத்திச் சொல்றே" என்று அந்தப் பதிலைப் பெரியப்பா கையால் தள்ளிவிட்டார். அதிலேயே எல்லாம் இருந்தது. ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவருக்கு நாலாவது கால் எப்படித் தெரியும்?

"ஒண்ணு, அந்தக் கடிகாரம் தப்பு. இல்லேன்னா மைதானம் தப்பு" என்று தீர்ப்புச் சொன்னார். "நான் பார்க்காத தில்லுமுல்லா!"

எதிர்வீட்டுப் பல் டாக்டருக்கு வெறும் வாயில் அவல் விழுந்தது. வாசலில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் அதைச் சற்றே இறக்கினார். "என்ன இன்ஸ்பெக்டர் சார், உங்க வீட்டுப் பொண்ணு வேலி ஓரமாமே? என் பேரனும் அங்கதான். துணைக்கு ஆள் கிடைச்சதுன்னு சந்தோஷப்படறான்."

பெரியப்பா வாசலிலிருந்து திரும்பினார். உள்ளே போய், வேலைக் காலத்து இரும்பு அளவுநாடாவைத் துருத் தட்டி எடுத்தார்.

மறுநாள் மாலை பள்ளிக்கூடம் விட்டதும், பெரியப்பா வாதாடி வாங்கிய மறுதேர்வு. பி.டி. சார் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். வயிறு அவருக்கு முன்னால் போகும், விசில் வயிற்றின்மேல் உட்கார்ந்திருக்கும். நல்ல மனிதர்.

"தங்கமான பொண்ணு சார்" என்றார் அவர். "வேகம்தான் இல்ல. பிள்ளைங்க ஆரம்பத்துலயே மூச்சு வாங்கக் கூடாதுன்னு நான் முன்னாடி மெதுவா ஓடிக் காட்டுவேன். கொஞ்ச தூரத்துல எல்லாரும் என்னைத் தாண்டிப் போயிடுவாங்க. இவ மட்டும் பாவம், கடைசிவரைக்கும் எனக்குத் துணையா வந்தா. எனக்கே கண் கலங்கிடுச்சு."

"கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் கடிகாரத்தைக் காட்டுங்க" என்றார் பெரியப்பா.

காட்டினார். அதைப் பெரியப்பா தன்னுடையதோடு ஒட்டவைத்துப் பார்த்தார். ஒரு நொடி பிசகவில்லை. பெரியப்பாவுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது.

"அப்போ மைதானம்தான். நீங்க சொல்ற அளவைவிடச் சுற்று நீளமா இருக்கணும். நான் அளக்கணும்."

"தாராளமா அளங்க சார். ஆனா இருட்டறதுக்குள்ள பொண்ணு ஓடணும். அணிப் பேரை இன்னைக்குச் சாயங்காலமே தலைமையாசிரியர் கேட்டிருக்காரு."

"அவ பாட்டுக்கு ஓடட்டும். நான் பின்னாலயே அளந்துக்கிட்டு வர்றேன்."

பி.டி. சாருக்கு அன்று முழங்கால் வலி. "இன்னைக்கு நான் ஓடல, நீ மட்டும் ஓடும்மா" என்று நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதினார்.

சிட்டு பறந்தாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். முன்னால் ஒரு பெரியவரும் இல்லை. காற்றில் பின்னல் நேராக நின்றது. பி.டி. சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "அடேயப்பா! இது யாரு?"

பெரியப்பா இதையெல்லாம் பார்க்கவில்லை. குனியவும் மனமில்லாமல் நிமிரவும் முடியாமல், நாடாவின் நுனியைக் கல்லால் அழுத்தி வைப்பதும் விரிப்பதும் சுருட்டுவதுமாக ஓடுபாதையின் நடுவே போய்க்கொண்டிருந்தார். ஓரமாகப் போகும் பழக்கம்தான் கிடையாதே. பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

திரும்பினார். சிட்டு ஒரு சுற்றை முடித்துவிட்டு அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைவீதிக்கு அவரோடு போகும்போது நிற்பது போலவே.

"ஏன் நின்னுட்டே? கால் வலியா?"

"இல்ல பெரியப்பா."

"மூச்சு வாங்குதா?"

"இல்ல பெரியப்பா. நீங்க அளங்க. நான் வர்றேன்."

நடுவிலிருந்து பி.டி. சார் கத்தினார். "பாத்தீங்களா சார்? ஒரு சுத்துதான் தாக்குப்பிடிக்குது! நேரம் போகுது!"

"ஓடேன்!" என்றார் பெரியப்பா.

"நீங்க முன்னாடி இருக்கீங்களே."

பெரியப்பாவின் கையிலிருந்த நாடா தானாகச் சுருண்டு உள்ளே போனது. பி.டி. சாருக்குத் துணையாகக் கடைசிவரை வந்த பெண்ணும், "சார் அவ்வளவு வேகமாத்தான் ஓடினாரு" என்ற பேச்சும், கண்ணீர் விட்ட அந்த நல்ல மனிதரின் வயிறும் அவர் மனத்தில் வரிசையாக வந்து நின்றன. நாலாவது காலும் தெரிந்துவிட்டது.

"அன்னைக்கும் இதனாலதானா?"

"சார் என்னைவிடப் பெரியவர்தானே பெரியப்பா?"

"சரி, சரி. இன்னைக்கு நான் சொல்றேன். தாண்டிப் போ!"

சிட்டு அசையவில்லை. அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நானே போன்னு சொன்னாலும் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை தானே குழி வெட்டி, அதற்குத் தானே மூடியும் போட்டதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம்தான் சார்!" என்று பி.டி. சாரின் குரல் வந்தது.

சட்டத்தை ரத்து செய்யலாம். ஆனால் போட்ட சட்டத்தைப் பொது இடத்தில் ரத்து செய்கிறவன் ஒரு மனிதனா? எடைக்கல்லை மாற்றி வைக்கிற கடைக்காரனுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? ரத்து செய்யாவிட்டாலோ, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே வேலியோரம் அந்த வீட்டுப் பெண் வருடம் முழுக்கக் கை ஆட்டுவாள். பக்கத்தில் பல் டாக்டர் பேரன். முன்னாலும் போக முடியாது, நிற்கவும் முடியாது. மீதி இருந்தது ஒன்றே ஒன்று. அவர் பாதையில் இல்லாமல் போவது.

ஓடுபாதைக்கு வெளிப்பக்கம் நீளம் தாண்டுகிற மணல் குழி. மறுநாள் பயிற்சிக்காகக் காவலாளி அதற்குத் தாராளமாகத் தண்ணீர் ஊற்றியிருந்தார். உள்பக்கம் முள்செடி. பெரியப்பா இரண்டையும் பார்த்தார். லாரிக்கு வழிவிடாத மனிதர், மூச்சை இழுத்துப் பிடித்து, வலக்காலை மணலுக்குள் வைத்தார். முழங்கால் வரை போயிற்று. பிறகு இடக்கால். முதுகு மட்டும் வளையவில்லை.

பாதை காலியானதுதான் தாமதம், சிட்டு போய்விட்டாள். இரண்டு, மூன்று என்று அவள் சுற்றச் சுற்ற, குழிக்குள் நின்ற பெரியப்பாவின் கழுத்தும் கூடவே சுற்றியது. கடைசிச் சுற்றில் அவளைவிட அவருக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியது. அவள் கோட்டைத் தாண்டினாள். பி.டி. சார் கடிகாரத்தை அழுத்திப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நேரத்துக்குள்ள வந்துட்டா சார்! நடுவுல நின்னதையும் சேர்த்து!"

காவலாளியும் பி.டி. சாருமாகப் பெரியப்பாவை வெளியே இழுத்தார்கள். இழுத்ததில் இடக்கால் செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. விஷயத்தைக் கேட்ட பி.டி. சார் சிரித்தார், பிறகு சிரிக்கலாமா என்று பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

பெரியப்பா மணலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். "அன்னைக்கு உங்க வகுப்புல இத்தனை பிள்ளைங்க உங்களைத் தாண்டிப் போயிருக்கு. தாண்டாத பொண்ணு எங்க வீட்டுல மட்டும்தான் இருக்கு. அதையும் எங்கயாவது எழுதி வையுங்க."

"கண்டிப்பா சார்" என்றார் அவர். அணியில் சிட்டுவின் பெயரை எழுதினார்.

வீடு திரும்பும்போது ஒற்றைச் செருப்போடு பெரியப்பா தத்தித் தத்தி நடந்தார். சிட்டு அவருக்குப் பின்னால், இன்னும் மெதுவாக. அந்தக் கால்களை அப்படி இழுத்துப்பிடிப்பது ஓடுவதைவிடக் கஷ்டம் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

தெருமுனைக் கடை வாசலில் பல் டாக்டர் பத்திரிகையை இறக்கினார். ஈரக் காலைப் பார்த்தார், ஒற்றைச் செருப்பைப் பார்த்தார், பின்னால் ஊர்ந்து வருகிற பெண்ணைப் பார்த்தார்.

"என்ன சார், முடிவு என்ன ஆச்சு?"

"தொடர் ஓட்ட அணியில எடுத்துட்டாங்க" என்றார் பெரியப்பா.

"அப்படியா!" டாக்டர் வாயெல்லாம் பல். "ஓட்டத்துலயா? நடக்கறதைப் பார்த்தா அப்படித் தெரியலையே."

பெரியப்பா அவரைப் பார்த்தார். வீட்டுக் கதவு தெருவின் மறுகோடியில் இருந்தது. திரும்பிச் சிட்டுவைப் பார்த்தார். 'போ' என்று சொல்லிப் பயனில்லை. தெருவின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்து, சுவரோடு சுவராக, முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்.

டாக்டரின் பத்திரிகை கையை விட்டுப் பறந்து பக்கத்து வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. தெருக்கோடியில் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"எங்க அவ?" என்றார் டாக்டர்.

பெரியப்பா சுவரை விட்டு வந்து, மறுபடியும் தெருவின் நட்டநடுவில் நடக்க ஆரம்பித்தார்.