சொர்க்கவாசல் சாத்திய பிறகும்

தென்னூரில் இருந்த அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சர்ஃபராஸைத் திட்டாமல் யாரும் மதியச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் அவர். மாடி அறையில் உட்கார்ந்தபடியே எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே கட்டளை போட்டிருந்தார். இரண்டு நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். திறக்க மறுபடி பாஸ்வேர்டு அடிக்க வேண்டும்.

வைகுண்ட ஏகாதசி அன்று பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. கவுண்டரில் தனியாக அல்லாடிய ஸ்ரீரங்கத்துப் பெண் ரஞ்சனி மாடிப்படி ஏறி வந்துவிட்டாள்.

"பாஸ்வேர்டு அடிச்சே விரல் தேஞ்சுபோச்சுண்ணே. எங்க ஊர்ல சொர்க்கவாசலே தொறந்தாச்சு. உங்க பூட்டு மட்டும் எதுக்கு? கவுண்டருக்கு எடுத்து விடுங்க."

சர்ஃபராஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னிக்கு மட்டும்தாம்மா. நாளைக்குப் போட்டுருவேன்" என்று எடுத்துவிட்டார்.

நம் ஊரில் நாளை என்பது என்றைக்கும் நாளைதான். ஏகாதசியில் தொடங்கும் பத்து நாள் ராப்பத்து விழா முடிந்து சொர்க்கவாசலைக்கூடச் சாத்திவிட்டார்கள். கவுண்டர் திரை மட்டும் திறந்தே கிடந்தது.

ஒரு நாள் காலை ரஞ்சனி டீ குடிக்க எழுந்து போனாள். திரையில் அற்புதம்மாளின் ரிசல்ட். எச்.ஐ.வி. இருக்கிறது என்று காட்டியது. அற்புதம்மாள் காட்டூரில் இட்லிக் கடை போட்டுப் பிழைப்பவள். லாரி ஓட்டிய கணவன் இறந்த பிறகு, பள்ளிக்கூடம் போகும் மகள்தான் அவளுக்கு எல்லாம். சர்க்கரை பார்க்க வந்து கவுண்டரில் சாய்ந்து நின்றவர் அதே தெருக்காரர். எட்டிப் பார்த்தார், படித்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அடுத்த வாரம் அற்புதம்மாள் கவுண்டரில் வந்து நின்றாள்.

"ரிசல்ட்டை நான் வாங்குறதுக்கு முன்னாடியே எங்க தெரு வாங்கிருச்சுங்க. என் மககிட்ட நான் சொல்லவே இல்ல. ஸ்கூல்ல பிள்ளைங்க சொல்லிருக்காங்க. இங்கேருந்து யாருங்க சொன்னது?"

"நாங்க யார்கிட்டயும் சொல்லலைங்க" என்று ரஞ்சனி அழுதாள். சத்தம் கேட்டு இறங்கி வந்த சர்ஃபராஸ், எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடந்த திரையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"தப்பு என்னோடதும்மா. போட வேண்டிய பூட்டை நான் போடல. மன்னிச்சுருங்க."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"சரி தம்பி. மாத்திரை போட்டா நல்லா இருக்கலாம், சாப்பாட்டுல இது ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாங்க. யாரும் நம்பல. ஒரு இட்லி விக்கல. நாளைக்கு வந்து என் கடையில ரெண்டு இட்லி சாப்பிடுவீங்களா? நாலு பேர் பாக்கட்டும்."

படித்த மனிதர்தான். இருந்தும் அவருக்குப் பதில் சட்டென்று வரவில்லை. ஒரு மூச்சு நேரம் தயங்கினார். அதை அவள் பார்த்துவிட்டாள். "வரேம்மா" என்று அவர் சொன்னபோது அவள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

அன்றே பூட்டைப் போட்டார். மறுநாள் காலை காட்டூருக்குப் போனார். கடை மூடிக் கிடந்தது. தாயும் மகளும் விடிவதற்கு முன்பே காலி செய்துவிட்டார்களாம். எங்கே போனார்கள் என்று எதிர்க்கடைக்காரருக்குத் தெரியவில்லை. கேட்டு வைக்க அந்தக் கடைக்காரருக்குத் தோன்றவும் இல்லை. அணைந்த அடுப்பின் முன்னால் நின்று சர்ஃபராஸ் அழுதார்.

திரும்பி வந்து ரஞ்சனியிடம் சொன்னார்: "வர்றவங்க நம்மகிட்ட குடுக்கிறது வெறும் ரத்தம் இல்லம்மா. அமானிதம். நம்பி ஒப்படைச்சது. அதைத் தொறந்து போட்டதும் பாவம், பாத்தவங்க ஊருக்குச் சொன்னதும் பாவம். எல்லாம் தெரிஞ்சும் ரெண்டு இட்லிக்கு நான் யோசிச்சேன் பாரு, அதுதான் அந்தப் பொம்பளையை ஊரை விட்டு விரட்டுச்சு."