எரிமலை ஓவியங்களுக்கு நடுவே தயிர்சாதம்

"கல்யாண நாளுக்கு எங்க போலாம்?" என்று ஜெய்ராம் கேட்டது போன ஞாயிற்றுக்கிழமை.

"அலிப்பூர்ல ஒரு ஃபிலிப்பினோ ஹோட்டல் இருக்கு. அங்க போலாம்" என்றாள் ரோஹிணி.

"அங்கெல்லாம் பன்னியும் மீனும்தானே இருக்கும்? அம்மா அப்பா என்ன சாப்பிடுவா?"

"அவா ஏன் வரணும்?"

ஜெய்ராம் சிரித்தான். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதுதான் அவள் செய்த தப்பு.

மாமியார் மாமனார் கால் வைக்கமாட்டார்கள் என்பதற்காகவே அவள் தேடிப் பிடித்த இடம் அது. எட்டு வருஷமாகக் கல்யாண நாள் என்றால் லேக் மார்க்கெட்டில் அதே சாப்பாட்டுக் கடை, நான்கு இலை. அவளுக்கோ கணவனிடம் தனியாகப் பேச ஒரு விஷயம் இருந்தது. தனிக்குடித்தனம் போக வேண்டும். மூன்று வருஷமாகத் தொண்டையிலேயே நிற்கிற பேச்சு. அலிப்பூர் கோர்ட்டுக்குப் பின்னால் இரண்டு அறை உள்ள வீடு ஒன்றைப் பார்த்தும் வைத்திருந்தாள். வீட்டுக்காரர் கல்யாண நாளுக்கு மறுநாள் மதியம் வரைதான் காத்திருப்பார். வீட்டில் பேச வழியில்லை. அவளும் ஜெய்ராமும் குரலைத் தாழ்த்தினால் போதும், மாமனார் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

சனிக்கிழமை மதியம் அவள் பட்டுப்புடவையில் கீழே இறங்கியபோது மாமனாரும் மாமியாரும் டாக்ஸியில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் அனந்தலக்ஷ்மியின் மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை.

"உங்களை மட்டும் எப்படி அனுப்பறது? நல்ல நாளும் அதுவுமா" என்றாள்.

ஹோட்டலை நடத்தும் மரிசெல், கிடர்பூர்த் துறைமுகத்துக் கப்பல் இன்ஜினியர் ஒருவரைக் கட்டிக்கொண்டு ஃபிலிப்பைன்ஸின் பீகோல் பகுதியிலிருந்து வந்தவள். பழைய வீட்டின் கீழ்த்தளம் முழுக்க அவள் ஊர்க்காரர்கள் தீட்டிய படங்கள்: புகைகிற எரிமலை, சேற்றில் எருமை, தேங்காய் உரிக்கும் பெண்கள். கூரையில்கூட மீன்கள் நீந்தின. ரோஹிணி முன்பே சொல்லிவைத்ததால், மரிசெல் காய்ந்த இறால் போடாமல் லாயிங் செய்திருந்தாள். சேப்ப இலையைத் தேங்காய்ப்பாலில் காரமாக வேகவைப்பது.

முப்பத்து நான்கு வருஷம் வங்கிக் கிளைகளைத் தணிக்கை செய்த மாமனார் வைத்தீஸ்வரன், உட்காராமல் படங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டு போனார். ஒரு எரிமலையை வேண்டுமென்றே சாய்த்து மாட்டியிருப்பதாக மரிசெல் வங்காள மொழியில் பணிவாகச் சொன்னாள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு அதையும் நிமிர்த்தினார். மாமியார் சமையலறைக்குள்ளேயே போய்க் கரண்டிகளை விசாரித்துவிட்டு வந்தாள்.

"சேப்ப இலைதான். நம்மாத்துல பண்ணாததா? இதுக்கா இத்தனை தூரம்?"

ரோஹிணி மேஜைக்கடியில் ஜெய்ராமின் காலைத் தட்டினாள். அவன் காலை நகர்த்திக்கொண்டு ஸாரி என்றான். வெளியே சற்று நடந்துவிட்டு வரலாமா என்று கேட்டுப் பார்த்தாள்.

"சாப்பிட்டுட்டு எல்லாருமாப் போலாமே" என்றார் மாமனார், சுவரைப் பார்த்தபடியே.

லாயிங் வந்தது. ஜெய்ராம் ஒரு வாய் எடுத்து வைத்து, கண்ணை மூடித் திறந்து, "நன்னா இருக்கு ரோ" என்றான். அவன் அவளை நேராகப் பார்த்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை. இப்போது சொல்லிவிடலாமா என்று அவள் வாயெடுப்பதற்குள் கூடை திறந்தது. எவர்சில்வர் டப்பாவிலிருந்து ஒரு கரண்டித் தயிர்சாதம் நேராக அந்த லாயிங்கின் மேலேயே விழுந்தது.

"காரம்டா. உன் வயித்துக்கு ஆகாது" என்ற மாமியார் நார்த்தங்காய்த் துண்டையும் ஓரமாக வைத்தாள். ஜெய்ராம் இரண்டையும் சேர்த்துப் பிசைய ஆரம்பித்தான்.

அடுத்த கரண்டி ரோஹிணியின் தட்டை நோக்கி வந்தது. அவள் மாமியாரின் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள். வயதான கை. அதனால் குரலை உயர்த்த மனம் வரவில்லை. ஆனால் விடவும் மனமில்லை. மாமனார் படத்தை விட்டுத் திரும்பினார்.

"அம்மா, இங்க பக்கத்துல ஒரு வீடு பார்த்து வெச்சிருக்கேன். நாளைக்குள்ள பதில் சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் எப்ப வேணா வாங்கோ, இருங்கோ. ஆனா எங்களைத் தனிக்குடித்தனம் போக விடுங்கோம்மா."