ஹார்ன்லி மாளிகையின் வெலிங்டோனியா

1861 நவம்பர் 12 அன்று, இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷரில், ஹார்ன்லி மாளிகையின் தெற்குப் புல்வெளியில், கலிஃபோர்னியாவிலிருந்து வந்த விதையில் முளைத்த ராட்சத செக்கோயாக் கன்று ஒன்று நடப்பட்டது.

அந்த இனத்துக்கு அங்கே வெலிங்டோனியா என்று பெயர். நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. விதை கப்பலேறி வருவதற்குள் செத்துப்போயிருந்தார். எங்கோ முளைத்த எதன் மேலும் தங்கள் தளபதியின் பெயரை ஒட்டாவிட்டால் அந்தக் காலத்துக் கனவான்களுக்குச் சோறு இறங்காது.

நூற்றைம்பத்தெட்டு வருடம் கழித்து மாளிகையை வாங்கியவர் ஜாஸ்பர் டாரண்ட். மலையைப் பார்த்தபடி உட்காருவதற்காகத் தெற்கே ஒரு கண்ணாடிக் கூடம் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான், நூற்றிருபது அடி உயர மரம் ஒன்று மலையை மறைத்துக்கொண்டு நிற்பது அவர் கண்ணில் பட்டது.

மே மாதம் அவர் ரம்பத்துக்கு ஆள் பேசிய வாரமே, மாவட்ட மன்றத்தின் மர அதிகாரி க்வெண்டா பிரைஸ் தற்காலிகப் பாதுகாப்பு ஆணை பிறப்பித்தாள். அதற்கு ஆயுள் ஆறு மாதம். அதற்குள் மன்ற உறுப்பினர் குழு நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் மரம் டாரண்டின் கையில். இருபத்திரண்டு வருட வேலையில் க்வெண்டா இவரைப் போலப் பலரைப் பார்த்துவிட்டாள். மரம் நிற்கிற வீட்டை வாங்குவார்கள், சருகு விழுகிறது என்று மனுப் போடுவார்கள்.

அக்டோபரில் குழுவினர் எட்டுப் பேர் வந்தார்கள். டாரண்ட் தேநீரும் கேக்கும் கொடுத்தார்.

“இது நம்ம ஊரு மரமே இல்லீங்க. வந்தேறி,” என்றார்.

“அப்போ உங்க காலடியில படுத்திருக்கிற லாப்ரடார் நாயைக் கனடாவுக்கு எந்தக் கப்பல்ல ஏத்தி அனுப்பப் போறீங்க, மிஸ்டர் டாரண்ட்?” என்றாள் க்வெண்டா.

பேசும்போதெல்லாம் டாரண்டின் கண், வராத பேருந்தை எதிர்பார்ப்பது போல மரத்தின் உச்சிக்கே போய் வந்தது.

“மே மாசத்திலேர்ந்து அதுக்கு உடம்பு சரியில்ல.”

“பச்சைப் பசேல்னுதானே நிக்குது?” என்றாள் க்வெண்டா.

“உள்ளுக்குள்ள அழுகுது. எனக்குத் தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“ஒரு உள்ளுணர்வுதான்.”

குழுத் தலைவி ஆட்ரி ஹெஸ்கெத் அதற்குள் மரத்தடிக்குப் போய்விட்டாள். வயது எழுபத்து மூன்று. அந்தப் பக்கத்தில் வெலிங்டோனியாவை ஒரு குத்து விடாமல் கடந்துபோகிறவர்கள் கிடையாது. பட்டை மெத்தை போல அமுங்கும், கை வலிக்காது.

“பள்ளிக்கூடம் போறப்போ தினம் ஒண்ணு விடுவேன்,” என்று சொல்லி ஓங்கிக் குத்தினாள். “அம்மாடி! என்னடி இது, கல்லு மாதிரி?”

க்வெண்டா மண்டியிட்டுப் பேனாக்கத்தியால் கிளறினாள். ஒயின் பாட்டில் தக்கை ஒன்று வந்தது. அதில் பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டம் ஒன்றின் பெயரும் வருடமும் அச்சாகியிருந்தன. துளையிலிருந்து களைக்கொல்லி நாற்றம் அடித்தது. இடுப்பு உயரத்தில், மரத்தைச் சுற்றிலும், பதினோரு தக்கைகள்.

“மரங்கொத்தி போட்ட ஓட்டையா இருக்கும்,” என்றார் டாரண்ட்.

“ரசனையான மரங்கொத்தி. உசத்தி ஒயினா பாத்துக் குடிச்சிருக்கு,” என்றாள் ஆட்ரி.

க்வெண்டா ஒரு கம்பியைத் துளைக்குள் விட்டாள். ஆறு அங்குலத்தில் நின்றது. பக்கத்தில் பட்டையை அளந்தாள். ஒன்பது அங்குலம். விஷம் வைத்ததைவிட, வைக்கும் முன் பட்டை எவ்வளவு தடிமன் என்று பார்க்கக்கூட அவருக்குத் தோன்றாததுதான் க்வெண்டாவுக்கு அருவருப்பாக இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

“மரத்தை நீங்க தொடவே இல்ல, மிஸ்டர் டாரண்ட். பஞ்சுக்கு விஷம் வச்சிருக்கீங்க.”

“என் வீட்டு மரம். நான் என்ன வேணா செய்வேன்.”

“செஞ்சதைத்தான் பாத்தோமே,” என்றாள் ஆட்ரி.

அன்று பிற்பகல் எட்டுப் பேரும் ஒருமனதாக ஆணையை உறுதிசெய்தார்கள். பிப்ரவரியில் டாரண்ட் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மரம் வெட்டப்படவில்லை.